மூன்றாவது பிரசவத்தைத் தலைப்பிரசவம் என்று சொன்னேன்

சின்னவளே, மாசமாக இருக்கும் உன்னைப் போன வாரம் பார்த்த டாக்டரம்மா, "உங்க அம்மாவுக்கு மாசமா இருக்கும்போது ரத்த அழுத்தம் இருந்துச்சா, வலிப்பு வந்துச்சா?" என்று கேட்டதாகச் சொன்னாய். நீ என்னிடம் வந்து கேட்டபோது, "ஞாபகமில்லை சாமி" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். அது பொய். எனக்கு ஒன்றுகூட மறக்கவில்லை. நேரில் சொல்ல நாக்கு வராததால் எழுதுகிறேன். உனக்கு மட்டுமல்ல, உன் அக்காமார் இருவருக்கும் சேர்த்துத்தான். டாக்டரம்மாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடு: அழுத்தம் இருந்தது, வலிப்பும் வந்தது. மற்றதை நீங்கள் மூவரும் தெரிந்துகொண்டால் போதும்.

அப்போது நாம் ராசிபுரத்துக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் இருந்தோம். இருபது வீடு இருக்கும். சுற்றிலும் மரவள்ளிக் காடு. எட்டாவது வரை படித்தவன் என்பதால் பக்கத்தில் ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரியில் கிழங்கு எடை போடும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. உங்கள் அம்மா பெரியவளைப் பெற்று, நடுவுலவளைப் பெற்று, மூன்றாவதாக உன்னை வயிற்றில் வைத்திருந்தாள்.

எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த காலம். இரண்டு பிள்ளை பெற்ற ஆம்பளைகளைக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஏற்றிப்போக ஒரு ஜீப் சுற்றிக்கொண்டிருந்தது. சந்தையில் வெற்றிலை வாங்கிக்கொண்டு நின்றவனைக் கையைப் பிடித்து ஏற்றினார்கள் என்பார்கள். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிப்போனார்கள் என்பார்கள். எங்கள் ஊரில் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனாலும் எல்லோரும் நம்பினோம். ஆபரேஷன் செய்துகொண்டவன் அப்புறம் ஒரு மூட்டை கிழங்கைக்கூடத் தூக்க முடியாது என்பது பேக்டரியில் பேச்சு. எனக்கு உயிரே போகிற மாதிரி பயம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கத்துக்கு ஒரு புது நர்ஸம்மா வந்தாள். ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. வெள்ளைச் சேலை கட்டி, பெரிய பையை மாட்டிக்கொண்டு, வெயிலில் நடந்தே வருவாள். மாசமாக இருக்கும் பெண்களைப் பார்ப்பது அவள் வேலை. ஆபரேஷனுக்கு ஆள் சேர்ப்பதும் அவள் வேலை. இரண்டையும் ஒரே ஆள் தலையில் கட்டியது எந்தப் புண்ணியவானோ தெரியாது. மூன்றாவதாக ஒருத்தி மாசமாக இருப்பது நர்ஸம்மாவுக்குத் தெரிந்தால் அவள் புருஷன் பேர் ஜீப்புக்குப் போய்விடும் என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம். அதனால் ஆம்பளைகள் ஒளிவதற்குப் பதிலாக வயிற்றுப் பிள்ளைக்காரிகளை ஒளிய வைத்தோம்.

அதற்கு ஒரு ஏற்பாடும் இருந்தது. வெள்ளைச் சேலை தெரிந்தால் முதலில் பார்த்தவர், "தோட்டத்துல மாடு பூந்திருச்சு!" என்று கத்துவார். உடனே மாசமாக இருப்பவர்கள் மரவள்ளிக் காட்டுக்குள் போய்விட வேண்டும். ஆள் உயரத்துக்குச் செடி நிற்கும். உள்ளே உட்கார்ந்தால் வெளியே தெரியாது. பிள்ளைகளையும் வீடு மாற்றி நிறுத்திவிடுவோம். உங்களில் பெரியவள் பக்கத்து வீட்டுக் கணக்கில் போவாள். பக்கத்து வீட்டுக்காரன் பிள்ளை உங்கள் பெரியப்பா வீட்டுக் கணக்கில் போவான்.

ஒருநாள் நர்ஸம்மா நடுத்தெருவில் நின்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வீட்டுக்கு ஒண்ணுன்னு சொல்றீங்க. தெருவுல முப்பது நிக்குது. உங்க ஊர்ல புள்ளைங்க மரத்துலயா காய்க்குது?"

பக்கத்து வீட்டுக்காரன் கூசாமல், "ஆமாங்க, கிழங்கு நட்டாப் புள்ளையா மொளைக்குதுங்க, மண்ணு அப்புடி" என்றான். தெருவே சிரித்தது. நர்ஸம்மாவும் சிரித்தாள். காட்டுக்குள் வெயிலில் உட்கார்ந்திருந்த உங்கள் அம்மாவுக்கும் அந்தச் சிரிப்புக் கேட்டிருக்கும்.

ஏழாவது மாசம் முடியும்போது உங்கள் அம்மாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. மாசமாக இருந்தால் நீர் கோத்துக்கொள்ளும், அது இருக்கிறதுதான் என்று விட்டுவிட்டோம். பிறகு கையும் முகமும் வீங்கியது. கண்ணாடி வளையல் கையில் இறுகிப்போய், உங்கள் பெரியம்மா கல்லால் தட்டி உடைத்து எடுத்தாள். ஒருநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது என் செருப்பைக் காணோம். பார்த்தால் உங்கள் அம்மா போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"ஏம்புள்ள, எஞ்செருப்பு எதுக்கு உனக்கு?"

"எங்காலுக்கு இப்ப உங்க செருப்புத்தானுங்க சேருது. இன்னுங் கொஞ்ச நாள் போனா மாட்டு லாடந்தான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு மெதுவாக, "ஏனுங்க, தலை பொளக்குதுங்க. கண்ணுக்கு முன்னால ஈ பறக்கறாப்புல இருக்குது. அந்த நர்ஸம்மா காலை அமுக்கிப் பாத்தே சொல்லிருதாம். ஒருக்காக் காட்டிப்போட்டு வந்தர்றனுங்க" என்றாள்.

"காட்டுனா எம்பேரு போயிரும். இன்னும் ஒரு மாசம். பொறுத்துக்க."

"உங்க பேரு பத்திரமாத்தானுங்க இருக்குது. நாந்தான்..." என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். நான் செருப்பில்லாமலே வேலைக்குப் போனேன். அதைப் பெரிய தியாகம் மாதிரி வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

அதற்குப் பிறகும் நர்ஸம்மா இரண்டு தடவை வந்தாள். இரண்டு தடவையும் உங்கள் அம்மா காட்டுக்குள் போய் உட்கார்ந்தாள். நான் சொன்னதற்காகப் போனாள். இரண்டாவது தடவை திரும்பி வரும்போது வரப்பு சரியாகத் தெரியவில்லை என்று செடியைப் பிடித்துப் பிடித்து வந்தாள்.

ஒன்பதாவது மாசம் பிறந்த வாரத்தில், ஒரு திங்கட்கிழமை காலையில், அடுப்படியில் விழுந்தாள். கை கால் இழுத்தது. வாயில் நுரை. நாக்கைக் கடித்து ரத்தம். ஊரே கூடிவிட்டது. காட்டுக்குள் தனியாக உட்கார்ந்ததில் எதுவோ பிடித்துக்கொண்டது என்றார்கள். கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். வேப்பிலை அடித்தார்கள். கோயில்காரரைக் கூட்டிவர ஒருத்தர் ஓடினார். இழுப்பு நின்று கொஞ்ச நேரம் குறட்டை விடுகிற மாதிரி மூச்சு விட்டாள். தெளிந்துவிட்டது என்று நினைத்தோம். மறுபடி இழுத்தது. இப்படியே உச்சி வெயில் வந்துவிட்டது.

உங்கள் பெரியம்மாதான் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "நீங்க போறீங்களா, நான் போகட்டுமா? நர்ஸம்மாவக் கூட்டிட்டு வாங்க. உங்களப் புடிச்சுட்டுப் போனா போகட்டும், இவ சாகறா."

மூன்று மைல் சைக்கிள் மிதித்துப் போனேன். நர்ஸம்மா சாப்பிட உட்கார்ந்திருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். "உங்க ஊர்ல மாசமா யாருமே இல்லைன்னீங்களே?" என்று மட்டும் கேட்டாள். என் சைக்கிளிலேயே பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

வந்ததும் கூட்டத்தை விலக்கினாள். உங்கள் அம்மாவை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தாள். கணுக்காலுக்கு மேல் கட்டை விரலால் அமுக்கி எடுத்தாள். புளியங்கொட்டை வைக்கலாம், அவ்வளவு பள்ளம். எடுத்த பிறகும் அந்தப் பள்ளம் மேடாகவில்லை. "இது பேயுமில்லை, காத்துமில்லை. ரத்த அழுத்தம். எங்கிட்ட இதுக்கு ஊசி கிடையாது. உடனே சேலம் போகணும்" என்றாள்.

பேக்டரி லாரியில் பாதிக் கிழங்கை இறக்கிவிட்டு, சாக்கை விரித்து அதன்மேல் படுக்க வைத்தோம். நர்ஸம்மா பின்னால் அவள் தலையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். நான் டிரைவர் பக்கத்தில். மல்லூருக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் பந்தல் போட்டிருந்தது. வாசலில் அந்த ஜீப் நின்றது. ஆபரேஷன் முகாம்.

நர்ஸம்மா பின்னாலிருந்து தகரத்தைத் தட்டினாள். "நிறுத்துங்க! உள்ள டாக்டர் இருக்காங்க, ஊசி இருக்கும்!"

டிரைவர் என் முகத்தைப் பார்த்தார். நான், "நிறுத்தாதீங்க, போங்க, போங்க" என்றேன்.

எனக்குத் தெரிந்தே சொன்னேன். பின்னால் உங்கள் அம்மா இழுத்துக்கொண்டு கிடக்கிறாள். என் வாய் அப்படிச் சொன்னது. லாரி அரை மைல் தாண்டிவிட்டது. நர்ஸம்மா தகரத்தைத் தட்டித் தட்டி, கடைசியில் ஜன்னல் வழியாகக் கையை எட்டி டிரைவரின் தோளைப் பிடித்து, "நீ நிறுத்தலைன்னா நான் குதிப்பேன்" என்றாள். டிரைவர் வண்டியைத் திருப்பினார். திரும்பியதில் என் பங்கு ஒன்றுமில்லை.

நர்ஸம்மா வண்டியை விட்டு இறங்க முடியாது, உங்கள் அம்மாவைப் பிடித்திருந்தாள். என்னை உள்ளே போகச் சொன்னாள். பெஞ்சுகளில் ஆம்பளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு டாக்டர் எழுந்து வந்து, நான் உளறியதைக் கேட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "எத்தனாவது பிரசவம்?"

பக்கத்தில் மேசை போட்டு ஒருத்தர் எழுதிக்கொண்டிருந்தார். அவர் பேனாவைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

நான், "தலைப்பிரசவமுங்க" என்றேன்.

"குழந்தை ஏதும் இல்லையா?"

"இல்லீங்க. இதுதானுங்க மொதல்."

பெரியவளே, நடுவுலவளே, அந்த இடத்தில் உங்கள் இருவரையும் இல்லை என்று சொன்னேன். இரண்டு பெண் இருக்கிறது என்று சொன்னால் அந்தப் பெஞ்சில் என்னையும் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். வேறு ஒரு காரணமும் இல்லை.

டாக்டர் லாரியில் ஏறிப் பார்த்தார். கையில் பட்டை கட்டிக் காற்றடித்து அழுத்தம் பார்த்தார். ஒரு ஊசி போட்டார். இழுப்பு அடங்கியது. வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வலி ஆரம்பிச்சிருக்கு. தலைப்பிரசவம்னா இன்னும் பல மணி நேரம் ஆகும். சேலம் போயிரலாம், அங்க ரத்தமெல்லாம் இருக்கு. ஜீப்புல கூட்டிட்டுப் போங்க, வேகமா போகும்" என்றார். நர்ஸம்மா புதுசு. எங்கள் வீட்டுக் கணக்கு அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாதபடிதானே ஊரே சேர்ந்து பார்த்துக்கொண்டோம்.

எந்த ஜீப்புக்குப் பயந்து அவளை வெயிலில் உட்கார வைத்தேனோ அந்த ஜீப்பில்தான் அவளை ஏற்றினோம். நல்ல மனுஷன் அந்த ஜீப் டிரைவர். பள்ளத்தில் விடாமல் ஓட்டினார்.

மூன்றாவது பிரசவம் தலைப்பிரசவம் மாதிரிக் காத்திருக்காது. சேலத்துக்கு இன்னும் ஐந்தாறு மைல் இருக்கும்போதே நர்ஸம்மா, "வண்டியை ஓரங்கட்டு" என்று கத்தினாள். மாற்றுச் சேலையை உதறி மறைப்புக் கட்டச் சொன்னாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு சேலையைப் பிடித்து நின்றேன். நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது, உன் அழுகைக் குரல் கேட்டது.

நர்ஸம்மா உன்னைத் துணியில் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "மொதல் குழந்தை இப்படி வராது. உண்மையச் சொல்லு. இது எத்தனாவது?"

"மூணாவதுங்க."

அவள் திட்டவில்லை. "இதை அங்கேயே சொல்லியிருந்தா அந்தப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுலயே டாக்டர் பிரசவம் பாத்திருப்பாரே" என்றாள். அதைச் சொல்லும்போதே அவள் முகம் மாறியது. ரத்தம் நிற்கவில்லை. உன்னை என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் உங்கள் அம்மாவின் அடிவயிற்றை அமுக்கிப் பிடித்தாள். சேலம் ஆஸ்பத்திரி வாசல் வரை பிடித்த பிடியை விடவில்லை. ஜீப்பின் அடித்தகடு வழியாக ரோட்டில் சொட்டிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் அவர்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானம் உங்கள் அம்மா கண்ணைத் திறந்தாள். ஆனால் பார்வை இல்லை. என் குரலைக் கேட்டு முகத்தைத் திருப்பினாள். பிள்ளை பெண்தான் என்று சொன்னேன். "மூணும் பொட்டப்புள்ளையா? போச்சு, அந்தச் செருப்ப நீங்களே வெச்சுக்கங்க, கல்யாணத்துக்கு அலையோணுமே" என்றாள். நாக்குக் கடிபட்டிருந்ததால் குழறிக் குழறித்தான் சொன்னாள்.

அப்போது நர்ஸம்மா பார்க்க வந்தாள். "எப்படிம்மா இருக்கே?" என்று கட்டில் பக்கத்தில் நின்று கேட்டாள்.

அந்தக் குரல் காதில் விழுந்ததும் உங்கள் அம்மாவுக்கு என்ன ஆனதோ, எழுந்திரிக்கப் பார்த்தாள். கையால் கட்டிலைத் துழாவினாள். போர்வையை இழுத்து வயிற்றை மூடினாள். "ஏனுங்க, நர்ஸம்மா வந்திருச்சு. எந்தப் பக்கமுங்க போறது? எனக்குத் தெரியலீங்களே" என்றாள்.

நர்ஸம்மா அவளைப் படுக்க வைத்து, "எங்கேயும் போக வேண்டாம்மா, எங்கேயும் போக வேண்டாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமை காலையில் உயிர் போய்விட்டது.

ஊருக்குக் கொண்டுவந்ததும் எல்லோரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். "ஊட்டுல இருந்தவரைக்கும் உசுரு இருந்துச்சு. ஊசி போட்டுக் கொன்னுட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா இதுதான்." பக்கத்து வீட்டுக்காரன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னான். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் தப்பு ஆஸ்பத்திரித் தப்பாக மாறுவது எனக்கு வசதியாக இருந்தது. அதன்பிறகு எங்கள் ஊரில் ஒளிவது கூடியதே தவிரக் குறையவில்லை. உங்கள் அம்மா செத்தும்கூட யாருக்கும் உதவவில்லை. உதவ நான் விடவில்லை.

நர்ஸம்மா மட்டும் உனக்காக வாரம் ஒருமுறை வந்தாள். உன்னை எடை பார்ப்பாள். பால் பவுடர் கரைக்கிற விதத்தைப் பெரியம்மாவுக்குக் காட்டுவாள். ஒருநாள் போகும்போது என்னிடம் சொன்னாள்: "மேல இருக்கறவங்க என்னைக் கேக்கறது எத்தனை ஆம்பளைங்களைக் கூட்டியாந்தேன்னுதான். எத்தனை பேர் காலை அமுக்கிப் பாத்தேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலை. கேட்டிருந்தா நானும் வேற மாதிரி வந்திருப்பேன், நீங்களும் வேற மாதிரி இருந்திருப்பீங்க." இதைச் சொல்ல அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு சலித்துப் போயிருந்தாள்.

நீ குப்புற விழப் பழகிய சமயம். பக்கத்து வீட்டுக்காரன் சம்சாரம் நாலாவதாக மாசமாக இருந்தாள். ஒருநாள் அவள் தண்ணிக் குடத்தோடு போகும்போது காலைப் பார்த்துவிட்டேன். மெட்டி சதைக்குள் புதைந்துபோயிருந்தது. அன்றைக்கே அவனிடம், "உம் பொண்டாட்டியக் காட்டீரு மாப்ளே" என்றேன். அவன், "எதுக்கு, உம் பொண்டாட்டிய அனுப்புன எடத்துக்கு அனுப்பவா?" என்றான். நடந்த உண்மையை அப்போதும் நான் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து நர்ஸம்மா வந்தாள். யாரோ வழக்கம்போல மாடு புகுந்துவிட்டது என்று கத்தினார்கள். அந்தப் பெண் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மரவள்ளிக்குள் நுழைவதைப் பார்த்தேன். செடி ஆடி அடங்கியது. நர்ஸம்மா உன்னைப் பார்த்து முடித்துவிட்டுக் களத்து மேட்டில் வந்து நின்று, யாரைப் பார்த்தும் இல்லாமல், "மாசமா யாராவது இருக்கீங்களாம்மா?" என்று கேட்டாள். தெருவில் இருந்த அத்தனை பேரும் இல்லை என்றார்கள். அவனும் சொன்னான்.

நான் கையைத் தூக்கிக் காட்டைக் காட்டினேன். "அதுல இருக்குதுங்க. காலு வீங்கியிருக்குதுங்க."

அவன் என் கன்னத்தில் அறைந்தான். "ஆளக் காட்டிக் குடுக்கறியாடா நாயே?" என்றான். நான் திருப்பி அடிக்கவில்லை. தெருவுக்கே கேட்கும்படி, "என் பொண்டாட்டிய ஆஸ்பத்திரி கொல்லலை. நாந்தான் காட்டாம வெச்சுக் கொன்னேன்" என்றேன். அன்றைக்குத்தான் அதை வாய் விட்டுச் சொன்னேன்.

நர்ஸம்மா செடியை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். "உங்க வீட்டுக்காரர் எனக்கு வேண்டாம்மா, நீ வா" என்று அவள் சொல்வது வெளியே கேட்டது. அந்தப் பெண் மண் ஒட்டிய சேலையோடு வந்து வரப்பில் உட்கார்ந்து காலை நீட்டினாள். மறுநாள் அவளைச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மாசம் அங்கேயே இருந்து பெற்றுக்கொண்டு உயிரோடு திரும்பி வந்தாள். அவன் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. ஊரும் பெரும்பாலும் பேசவில்லை. அடுத்த வருஷமே உங்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு சேலம் அம்மாபேட்டைக்கு வந்துவிட்டேன்.

கையைத் தூக்கிக் காட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பிறகு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கண் மூடித் திறக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதை உங்கள் அம்மாவுக்காக இரண்டு மாசத்தில் ஒரு நாளும் என்னால் செய்ய முடியவில்லை.